புடாபெஸ்டின் இரண்டரை லட்சம் கையெழுத்துகள்

நேயர்களுக்கு வணக்கம்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி, ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் சில இளைஞர்கள் பெட்டி பெட்டியாகக் காகிதக் கட்டுகளைக் கொண்டுபோய்த் தேர்தல் அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். அவற்றில் இருந்தவை 2,66,151 கையெழுத்துகள். 2024 ஒலிம்பிக் போட்டியைப் புடாபெஸ்ட் நடத்த வேண்டுமா என்று நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்பதுதான் கோரிக்கை. சட்டப்படி 1,38,000 கையெழுத்துகள் போதும். கிட்டத்தட்ட இரு மடங்கு வந்து குவிந்துவிட்டது. அடுத்த ஐந்தே நாளில், பிப்ரவரி 22 அன்று, புடாபெஸ்ட் போட்டியிலிருந்து விலகுகிறது என்று அறிவிப்பு வந்தது. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. அதற்கான தேவையே எழாதபடி அரசு முந்திக்கொண்டது.

ஒரு நகரம் ஒலிம்பிக்கை நடத்த உரிமை கோரும்போது நாட்டு அரசியல் அதை எப்படி இயக்குகிறது, சாதாரண மக்களின் எழுச்சி எந்த இடத்தில் குறுக்கே வந்து நிற்கிறது என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இதற்குப் புடாபெஸ்டைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை. விளையாட்டை உயிராக நேசிக்கிற ஒரு நாட்டில் அது நடந்தது என்பதால்தான் அந்தக் கதை என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

ஹங்கேரியர்களுக்கு விளையாட்டு பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே ஆல்பிரெட் ஹாயோஷ் என்ற ஹங்கேரிய இளைஞர் குளிர்ந்த கடல்நீரில் நீந்தி இரண்டு போட்டிகளில் முதலிடம் பெற்றார். பிற்காலத்தில் அவர் கட்டடக் கலைஞரானார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் கலைப் போட்டியில் ஓர் அரங்க வடிவமைப்புக்காக வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். டான்யூப் நதியின் நடுவே இருக்கும் மார்கரெட் தீவில் அவர் வடிவமைத்த நீச்சல் அரங்கம் இன்றும் அவர் பெயரோடு இயங்குகிறது. 1956இல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்த சில வாரங்களில், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரிய வாட்டர் போலோ அணி சோவியத் அணியை நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றது. ரியோவில் கட்டின்கா ஹொஸ்ஸு மூன்று தங்கம் வென்றார். ஒலிம்பிக்கை ஒருமுறைகூடத் தன் மண்ணில் நடத்தாத நாடுகளுக்குள் அதிகப் பதக்கம் வென்ற நாடு ஹங்கேரிதான். 1916, 1920, 1936, 1960 என்று புடாபெஸ்ட் பலமுறை வாய்ப்புக் கேட்டிருக்கிறது; ஒருமுறையும் கிடைக்கவில்லை. நூறு ஆண்டு ஏக்கம் அது.

அப்படிப்பட்ட ஊரில் ஐந்து வாக்காளர்களில் ஏறக்குறைய ஒருவர், கடுங்குளிரில் தெருவோரம் நின்று, ‘எங்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்’ என்று கையெழுத்திட்டார்கள். ஏன்?

முதலில் ஒலிம்பிக் விண்ணப்பம் எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நகரமும் அந்த நாட்டின் ஒலிம்பிக் சங்கமும். செலவு கணக்கை மீறினால் சுமக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். சர்வதேச ஒலிம்பிக் குழு அந்தச் சுமையை ஏற்காது. ஆனால் பாதுகாப்பு, விசா, சுங்கச் சலுகை, பெரும் கட்டுமானங்களுக்கான பணம் ஆகிய எல்லாவற்றுக்கும் நாட்டின் அரசு எழுத்துமூலம் உறுதி கொடுத்தாக வேண்டும். நகரத்தின் பெயரில் விண்ணப்பம் போகும். அதைத் தாங்கி நிற்பது பிரதமர் அலுவலகமாக இருக்கும். நகரத்தின் தேவைக்கும் நாட்டை ஆள்பவரின் ஆசைக்கும் இடைவெளி இருந்தால், அது இந்தத் தாள்களில் தெரியாது. தெருவில்தான் தெரியவரும்.

புடாபெஸ்டில் 2015 ஜூன் மாதம் மாநகர மன்றம் விண்ணப்பத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஜூலையில் நாடாளுமன்றமும் கொடுத்தது. நடைமுறையில் எந்தக் குறையும் இல்லை. நடுத்தர அளவுள்ள நகரமும் ஒலிம்பிக்கை நடத்தலாம் என்று காட்டுவோம் என்று விண்ணப்பக் குழு வாதிட்டது. அது மதிக்கத்தக்க வாதம் என்றே நான் நினைக்கிறேன். லண்டனும் பெய்ஜிங்கும் மட்டுமே நடத்தக்கூடிய விழாவாக ஒலிம்பிக் சுருங்கிவிடுவது யாருக்கும் நல்லதல்ல. ஆனால் மக்களிடம் கேட்கலாமே என்று சிலர் வாக்கெடுப்புக்கு மனு கொடுத்தபோது, ஒவ்வொரு மனுவும் ஏதோவொரு சட்டக் காரணத்தில் மாட்டி நின்றது.

இதே அரசு 2016 அக்டோபரில் நாடு முழுவதும் ஒரு வாக்கெடுப்பை நடத்தியது. அகதிகளை உறுப்பு நாடுகளுக்குப் பங்கிட்டு அனுப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டத்தை ஏற்கலாமா என்பது கேள்வி. சாலை நெடுக அரசு விளம்பரத் தட்டிகள். வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அரசு விரும்பிய பதிலையே சொன்னார்கள். ஆனால் பாதி வாக்காளர்கள்கூட வராததால் அந்த வாக்கெடுப்பு செல்லாமல் போனது. அகதிகளைப் பற்றி மக்களிடம் கேட்கத் தெரிந்த அரசுக்கு, பல நூறு கோடி யூரோ கேட்கும் ஒரு விழாவைப் பற்றி அந்த மக்களிடமே கேட்கத் தோன்றவில்லை. இந்த முரண்பாடு புடாபெஸ்ட்காரர்களின் கண்ணில் படாமல் இருந்திருக்குமா?

இன்னொன்றும் அவர்கள் கண்ணில் பட்டது. அன்றைய பிரதமர் விக்டர் ஒர்பான் கால்பந்துப் பித்து உள்ளவர். அவர் வளர்ந்த ஃபெல்சுத் கிராமத்தில் சுமார் 1,700 பேர் வசிக்கிறார்கள். அங்கே 2014இல் திறக்கப்பட்ட கால்பந்து அரங்கில் 3,800 இருக்கைகள். ஊரே திரண்டு வந்து உட்கார்ந்தாலும் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும். நிறுவனங்கள் தங்கள் வரியின் ஒரு பகுதியை விளையாட்டுச் சங்கங்களுக்குத் திருப்பிவிடும் திட்டம் 2011இல் வந்தது. அதற்குப் பிறகு நாடெங்கும் அரங்குகள் எழுந்தன. 2017 கோடையில் நடக்கவிருந்த உலக நீச்சல் போட்டிக்காகக் கட்டப்பட்ட வசதிகளின் செலவு, முதலில் சொன்னதைவிடப் பல மடங்கு ஏறிக்கொண்டிருந்தது. நான்காவது மெட்ரோ பாதையில் நடந்த முறைகேடுகளைப் பற்றிய ஐரோப்பிய மோசடித் தடுப்பு அலுவலகத்தின் அறிக்கையும் அந்தக் குளிர்காலத்தில்தான் வெளியில் அடிபட்டது. அந்த முறைகேடுகளில் பெரும்பகுதி எதிர்க்கட்சிகள் நகரத்தை ஆண்ட காலத்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது பாதையில் சோவியத் காலத்துப் பெட்டிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. பெரிய கட்டுமானம் என்றால் பணம் எங்கே கசியும் என்பது மக்களுக்குப் பழகிய விஷயமாகியிருந்தது. கட்சி வேறுபாடு பார்க்காத சந்தேகம் அது.

இந்த நேரத்தில்தான் மொமென்டம் என்ற பெயரில் ஓர் இளைஞர் அமைப்பு வந்தது. பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். கம்யூனிச ஆட்சி முடிந்த ஆண்டை ஒட்டிப் பிறந்தவர்கள். பழைய எதிர்க்கட்சிகளின் மீது அவர்களுக்கு மரியாதை இல்லை. மாநகர அளவில் ஒரு வாக்கெடுப்புக் கேள்வியைப் பக்குவமாக எழுதி, சட்டத் தடைகளைத் தாண்டி, அனுமதி வாங்கினார்கள். ஜனவரி 19 தொடங்கி முப்பது நாள் அவகாசம். மெட்ரோ வாசல்களிலும் சதுக்கங்களிலும் மேசை போட்டு நின்றார்கள். ஒலிம்பிக்குக்கு ஆகும் பணத்தில் மருத்துவமனைகளும் பள்ளிகளும் நவீனமாகட்டும் என்பது அவர்களுடைய முழக்கம். வேறு சில சிறிய எதிர்க்கட்சிகளும் கையெழுத்துச் சேகரிப்பில் கைகொடுத்தன.

இந்த இளைஞர்களின் வேகத்தைப் பார்த்து ஒர்பானுக்குத் தன் பழைய நாட்கள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். 1988இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய ஃபிடெஸ் கட்சி, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்காத இளைஞர் அமைப்பாகத்தான் பிறந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் புடாபெஸ்டின் மாவீரர் சதுக்கத்தில் சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று பேசி நாடறிந்த முகமானவர் அவர். தெருவில் கூடும் இளைஞர் கூட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பது ஐரோப்பாவில் அவரைப் போல அறிந்தவர்கள் குறைவு. 2018இல் பொதுத் தேர்தல். அதற்கு முன்பு தலைநகர் முழுவதும் அரசுக்கு எதிரான வாக்களிப்பாக மாறக்கூடிய ஒன்றை அவர் ஏன் அனுமதிக்கப் போகிறார்? மேயர் இஷ்ட்வான் டார்லோஷும் ஒலிம்பிக் சங்கத் தலைவரும் அவரோடு கலந்து பேசினார்கள். விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. ஒலிம்பிக் நாட்டின் பொதுக் காரியமாக இருந்தது, எதிர்க்கட்சிகள் அதைக் கட்சி விவகாரமாக்கி ஒற்றுமையை உடைத்துவிட்டன என்று அரசு விளக்கம் சொன்னது.

அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஒற்றுமை உடைந்தது என்று சொல்ல, முதலில் அது எப்போதாவது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். மாநகர மன்றத்தில் கைகள் உயர்ந்ததை நகரத்தின் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். 2015இலேயே வரவுசெலவைத் திறந்து வைத்து, எந்த அரங்கம் எதற்கு, போட்டி முடிந்தபின் அது யாருக்குப் பயன்படும் என்று தெருத்தெருவாகப் பேசியிருந்தால், அந்த ஊர் ‘சரி’ என்று சொல்லியிருக்கவும் வாய்ப்பு இருந்தது. நூறு ஆண்டு ஏக்கம் அவர்கள் பக்கம் இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் தைரியம் அரசுக்கு இல்லை என்பதுதான் என் வருத்தம்.

மற்ற நகரங்களையும் பார்ப்போம். 2024க்கான போட்டியில் தொடக்கத்தில் ஐந்து நகரங்கள் இருந்தன: புடாபெஸ்ட், ஹாம்பர்க், ரோம், பாரிஸ், லாஸ் ஏஞ்சலஸ். அமெரிக்கா முதலில் நிறுத்தியது பாஸ்டனை. 2015 ஜனவரியில் கருத்துக்கணிப்பில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரவு. பிறகு வரலாறு காணாத பனிப்பொழிவு. நகர ரயில்கள் நாள்கணக்கில் நின்றுபோயின. வேலைக்குப் போக ரயில் இல்லாத ஊருக்கு ஒலிம்பிக் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. மார்ச்சில் ஆதரவு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கிவிட்டது. நஷ்டத்தை நகரம் ஏற்கும் என்ற உறுதிமொழியில் கையெழுத்திட மேயர் மார்ட்டி வால்ஷ் மறுக்க, ஜூலை 27 அன்று பாஸ்டன் கதை முடிந்தது. அந்த இடத்துக்குத்தான் லாஸ் ஏஞ்சலஸ் வந்தது.

ஹாம்பர்கில் வாக்கெடுப்பே நடந்தது. 2015 நவம்பர் 29. இரண்டு வாரம் முன்புதான் பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல். ஜெர்மனிக்குள் லட்சக்கணக்கான அகதிகள் வந்துகொண்டிருந்த நேரம். பெர்லினில் இருந்த அரசு எவ்வளவு பணம் தரும் என்பது கடைசி வரை முடிவாகவில்லை. பிற்காலத்தில் நாட்டின் சான்ஸலரான ஓலாஃப் ஷோல்ஸ் அப்போது அங்கே மேயர். அவர் முழுமூச்சாக ஆதரித்தும் 51.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு நகரத்தின் வாக்குச்சீட்டில் நாட்டின் பதற்றம் முழுவதும் வந்து உட்கார்ந்துகொண்டது. ரோமிலோ வாக்கெடுப்புகூடத் தேவைப்படவில்லை. பிரதமர் ரென்ஸி ஒலிம்பிக்கை விரும்பினார். 2016 ஜூனில் ஐந்து நட்சத்திர இயக்கத்தின் விர்ஜீனியா ராஜ்ஜி மேயராக வென்று, செப்டம்பரில் அதை நிராகரித்தார். மேயர் தேர்தலே வாக்கெடுப்பாகிவிட்டது.

மிஞ்சியவை பாரிஸும் லாஸ் ஏஞ்சலஸும். இரண்டையும் இழக்க மனமில்லாத ஒலிம்பிக் குழு, 2017 செப்டம்பரில் லிமாவில் ஒன்றுக்கு 2024, இன்னொன்றுக்கு 2028 என்று ஒரே நாளில் கொடுத்துவிட்டது. அதற்கு முன்பே குளிர்கால ஒலிம்பிக்கில் இதைவிட மோசம்: ஸ்டாக்ஹோம், கிராக்கோவ், ஆஸ்லோ என வரிசையாக விலகி, 2022க்குப் பெய்ஜிங்கும் கஜகஸ்தானின் அல்மாட்டியும் மட்டுமே களத்தில் நின்றன. மக்கள் கேள்வி கேட்கக்கூடிய ஊர்கள் விலகின. அது கடினமான ஊர்கள் நின்றன. ஒலிம்பிக் குழுவின் வாக்குகளில் பெய்ஜிங் 44, அல்மாட்டி 40. இந்த முடிவு ஒலிம்பிக் இயக்கத்தையே உலுக்கியிருக்க வேண்டும்.

உலுக்கியது, ஆனால் வேறு விதமாக. 2019இல் தேர்வு முறையையே மாற்றினார்கள். நகரங்கள் பகிரங்கமாக மோதும் பழைய போட்டி போய், ஆணையம் ஒன்று விருப்பமுள்ள ஊர்களோடு பேசி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்வைக்கும் முறை வந்தது. 2032ஐ பிரிஸ்பேன் அப்படித்தான் பெற்றது. வாக்கெடுப்புத் தேவையென்றால் முன்கூட்டியே முடித்துவிட்டு வாருங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். தோற்ற நகரங்களுக்கு வீண்செலவு இல்லை என்பது நல்ல பலன். ஆனால் பேச்சுவார்த்தை மூடிய அறைக்குள் போய்விட்டது. புடாபெஸ்ட் இளைஞர்கள் கையெழுத்து வாங்க முடிந்ததற்குக் காரணம், விண்ணப்பம் பகிரங்கமாக இருந்ததும் ஒரு கால அட்டவணை இருந்ததும்தான். முடிவு என்றைக்கு வரும் என்றே தெரியாத காரியத்துக்கு எதிராகவோ ஆதரவாகவோ ஊரை எப்படித் திரட்டுவது?

இது நமக்கும் தொலைவான விஷயமல்ல. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழுவின் மாநாட்டில், 2036 போட்டியை நடத்த இந்தியா முயலும் என்று பிரதமர் அறிவித்தார். அடுத்த ஆண்டு விருப்பக் கடிதம் போனது. முன்னிறுத்தப்படும் நகரம் அகமதாபாத். 2030 காமன்வெல்த் போட்டி ஏற்கெனவே அந்த நகரத்துக்குக் கிடைத்துவிட்டது. நம் நாட்டில் நகரவாசிகளிடம் இப்படி வாக்கெடுப்பு நடத்தும் வழக்கமான சட்ட ஏற்பாடு கிடையாது. ஆனால் மாநகராட்சி மன்றம் இருக்கிறது, சட்டமன்றம் இருக்கிறது, தணிக்கைத் துறை இருக்கிறது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின் செலவுகளைத் தணிக்கைத் துறை அலசி அறிக்கை கொடுத்தது. ஆனால் அது போட்டி முடிந்த பிறகு, 2011இல். விண்ணப்பத்தின் செலவு மதிப்பீடும், யார் எதற்கு உறுதி கொடுக்கிறார்கள் என்ற விவரமும் முன்கூட்டியே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்று கேட்பதற்கு வாக்கெடுப்புச் சட்டம் தேவையில்லை.

மீண்டும் புடாபெஸ்டுக்கு வருகிறேன். வெற்றிக்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். மொமென்டம் கட்சியாக மாறியது. 2018 பொதுத் தேர்தலில் அதற்குக் கிடைத்தது மூன்று சதவீத வாக்கு. ஓர் இடமும் இல்லை. ஒர்பான் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு திரும்பினார். ஒலிம்பிக் போனதே தவிர, அரங்குகள் நிற்கவில்லை. 2019 நவம்பரில் 67,000 இருக்கைகளோடு புஷ்காஷ் அரங்கம் திறக்கப்பட்டது. 2023 உலகத் தடகளப் போட்டியைப் பெற்று, அதற்காக டான்யூப் கரையில் இன்னொரு புதிய அரங்கமும் வந்தது. ஒரு விண்ணப்பத்தைத் தடுக்கும் வலிமை ஒரு மாதக் கையெழுத்து இயக்கத்துக்கு இருந்தது. மிச்சமாகும் பணம் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வலிமை அதற்கு இல்லை. அது நாடாளுமன்றப் பெரும்பான்மையிடம் இருந்தது.

ஆனாலும் அந்தக் குளிர்காலம் வீணாகவில்லை. 2019 அக்டோபரில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து நிறுத்திய கெர்கே கராச்சோனி, டார்லோஷைத் தோற்கடித்து மேயரானார். சில வாரங்களில் தடகள அரங்கத்துக்கு மாநகர மன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. அப்போது அவர் சும்மா கை தூக்கிவிடவில்லை. தலைநகரின் மருத்துவ வசதிகளுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்துப் பேரம் பேசினார். மெட்ரோ வாசல் மேசைகளில் எழுந்த கோரிக்கை, இரண்டரை ஆண்டு கழித்து ஒரு மேயரின் நிபந்தனையாக அரசின் முன் வந்து நின்றது.

கேட்டால் மக்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைக்கும் ஆட்சியாளர்களுக்கு ஒரு செய்தியும் இருக்கிறது. 2022 குளிர்கால ஒலிம்பிக் வேண்டாம் என்று 2013இல் வாக்களித்த மியூனிக் நகரம், கோடைகால ஒலிம்பிக்குக்கு விண்ணப்பிக்கலாமா என்று 2025 அக்டோபரில் மீண்டும் கேட்கப்பட்டது. 1972 ஒலிம்பிக்குக்குக் கட்டிய பூங்காவும் அரங்கமும் அந்த ஊரில் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. அவற்றையே மீண்டும் பயன்படுத்துவதுதான் திட்டம். விண்ணப்பம் உள்ளே போவதற்கு முன்பே கேட்டார்கள். 66.4 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.